பிறந்த வீட்டுப் பங்கை விட்டுக்கொடுத்த பிறகு: நான்கு வழிகள், எது யாருக்கு?

சென்னையில் பழைய தனி வீடுகள் ஒவ்வொன்றாக இடிபடுகின்றன. அயனாவரம், வில்லிவாக்கம், நங்கநல்லூர், ஆதம்பாக்கம், மேற்கு மாம்பலம் என்று எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் பச்சை வலை போர்த்திய கட்டடம் ஒன்று எழும்பிக்கொண்டிருக்கிறது. அப்பா வேலையில் இருந்த காலத்தில் கடன் வாங்கிக் கட்டிய வீட்டில் அண்ணன் குடியிருக்கிறார். பில்டர் வந்து, "பாதிக்குப் பாதி, உங்கள் பக்கம் நான்கு பிளாட்" என்கிறார். செய்தி தாம்பரத்திலோ துபாயிலோ இருக்கும் தங்கையின் காதுக்குப் போகிறது. "எனக்கு ஒன்றும் வேண்டாம் அண்ணா" என்று ஒரு காலத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவர் அவர்.

எனக்கு வரும் சொத்துக் கேள்விகளில் இந்த வகைதான் அதிகம். எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். வெளிநாடு போய்விட்ட தம்பிகளும் உண்டு. எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: விட்டுக்கொடுத்ததைத் திரும்பக் கேட்கலாமா? கேட்பதென்றால் எப்படி?

கேட்பது பேராசை இல்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கல்யாணத்தில் போட்ட நகையையும் கொடுத்த சீரையும் காட்டி, "உனக்குத்தான் எல்லாம் செய்தாயிற்றே" என்று கையெழுத்து வாங்கிய வீடுகள் இந்த ஊரில் ஏராளம். சீர் செய்ததால் வாரிசுரிமை தீர்ந்துபோகும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. அதே நேரத்தில், அப்பாவின் டயாலிசிஸுக்கும் அம்மாவின் இடுப்பு எலும்பு முறிவுக்கும் ஓடிய அண்ணனின் வருடங்களும் பொய்யில்லை. இரண்டையும் ஒரே மேசையில் வைத்துப் பேசாத தீர்வு எதுவும் நிற்பதில்லை.

எண்களோடு பேசுவதற்காக ஒரு குடும்பத்தைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். அயனாவரத்தில் ஒரு கிரவுண்டு, அதாவது 2,400 சதுர அடி. சதுர அடி ரூ.10,000 என்றால் மனை மட்டும் ரூ.2.4 கோடி. அப்பா சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கியது. உயில் எழுதாமல் இறந்துவிட்டார். அம்மா, ஒரு மகன், இரண்டு மகள்கள். இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956-இன்படி நால்வருக்கும் கால் பங்கு, ஆளுக்கு ரூ.60 லட்சம். மகள்கள் இருவரும் அண்ணனுக்கு விட்டுக்கொடுத்தவர்கள். (இந்தக் கட்டுரை இந்துக் குடும்பங்களைப் பற்றியது. கிறிஸ்தவர்களுக்கும் இஸ்லாமியர்களுக்கும் பங்குக் கணக்கு வேறு.)

## எதை வைத்து எடைபோடுவது?

வழிகளைப் பார்க்கும் முன் ஐந்து விஷயங்களில் தெளிவு வேண்டும்: எப்படி விட்டுக்கொடுத்தீர்கள், சொத்து எப்படிப்பட்டது, எவ்வளவு காலம் ஆகிவிட்டது, செலவழிக்க எவ்வளவு முடியும், அண்ணன் தங்கை உறவில் எது மிஞ்ச வேண்டும். இவற்றில் முதலாவதுதான் பாதிக்கு மேல் தீர்மானிக்கிறது.

எப்படி விட்டுக்கொடுத்தீர்கள்? நினைவை நம்பாதீர்கள். பதிவுத்துறை இணையதளத்தில் அந்தச் சொத்துக்கு வில்லங்கம் பாருங்கள். பழைய பதிவென்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட்டுச் சான்றிட்ட நகல் வாங்குங்கள். "விடுதலைப் பத்திரத்தில் (பங்கை விட்டுக்கொடுக்கும் பத்திரம்) கையெழுத்துப் போட்டேன்" என்று சொல்பவர்கள் நகலை எடுத்துப் பார்த்தால் அது பொது அதிகாரப் பத்திரமாக (பவர் ஆஃப் அட்டர்னி) இருப்பதுண்டு. அதிகாரம் கொடுத்தவர் பங்கைக் கொடுத்துவிடவில்லை. உரிமை அவரிடமேதான் இருக்கிறது. அதிகாரத்தை ரத்து செய்யவும் பொதுவாக முடியும். அதை வைத்து ஏற்கெனவே விற்றுவிட்டார்களா என்பதைத்தான் அவசரமாகப் பார்க்க வேண்டும்.

நகல் கையில் வந்ததும் மூன்று இடங்களைப் படியுங்கள். முதல் பக்கத்தில் யார் யாருக்கு எழுதிக்கொடுத்தார்கள் என்ற வரி. அம்மாவும் எழுதிக்கொடுத்தவர்கள் பட்டியலில் இருக்கிறாரா என்று பாருங்கள். நடுவில் "ரொக்கம் பெற்றுக்கொண்டு" என்றோ "அன்பின் காரணமாக" என்றோ வரும் பிரதிபலன் வரி. கடைசியில் சொத்து விவரம். நான்கெல்லையும் அளவும் எந்தச் சொத்தைக் குறிக்கின்றன என்பது. எழுதிய தொகை கைக்கு வரவில்லை என்பதாலேயே பதிவான பத்திரம் தானாகச் செல்லாமல் போய்விடாது. ஆனால் பேச்சுவார்த்தையில் அந்த வரிக்கு மிகுந்த பலம் உண்டு.

வாயால் மட்டும் "வேண்டாம்" என்றிருந்தால், அப்பா இறந்த நாளில் உங்களுக்கு வந்த பங்கு பெரும்பாலும் இன்னும் உங்களுடையதுதான். நூறு ரூபாய்க்கு மேற்பட்ட அசையாச் சொத்தின் உரிமையை விட்டுக்கொடுக்கும் பத்திரத்தைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்று 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் சொல்கிறது. இருபது ரூபாய்ப் பத்திரத் தாளில் எழுதி வீட்டு அலமாரியில் வைத்த காகிதத்தால் உரிமை மாறாது. இதற்கு விதிவிலக்கு, குடும்பமாக உட்கார்ந்து வாய்மொழியாகப் பிரித்துக்கொண்டு எல்லாரும் அதன்படியே நடந்து வந்தது. அதைப் பின்னர் நினைவுக் குறிப்பாக எழுதியிருந்தால் பதிவில்லாமலும் நீதிமன்றம் ஏற்கலாம். அப்படி ஒன்று உங்கள் வீட்டில் நடந்ததா என்பதை நேர்மையாக யோசியுங்கள்.

அப்பா உயிரோடு இருக்கும்போதே, "வருங்காலத்தில் பங்கு கேட்க மாட்டேன்" என்று எழுதிக்கொடுத்தவர்களும் நிறைய. அவருடைய சுய சம்பாத்தியத்தில் அவர் இருக்கும்வரை பிள்ளைகளுக்கு இருப்பது எதிர்பார்ப்பு மட்டுமே. எதிர்பார்ப்பைக் கைமாற்ற முடியாது என்று சொத்து மாற்றுச் சட்டத்தின் 6-ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் பணம் வாங்கிக்கொண்டு எழுதிக்கொடுத்திருந்தால் நிலைமை வேறு. தமிழ்நாட்டிலிருந்து போன வழக்கு ஒன்றில் 2023-இல் உச்ச நீதிமன்றம், தொகை பெற்றுக்கொண்டு விட்டுக்கொடுத்த மகனின் வாரிசுகள் மறுபடி பங்கு கேட்க முடியாது என்று தீர்ப்பளித்தது. பணம் வாங்கினீர்களா இல்லையா என்பதே அங்கே எல்லாம்.

அப்பா இறந்த பிறகு, வயது வந்தவராக, சார்பதிவாளர் முன் நின்று விடுதலைப் பத்திரம் எழுதிக்கொடுத்தவர்களுக்குத்தான் சட்டத்தின் கதவு மிகக் குறுகியது. மிரட்டல், ஏமாற்று, தகாத செல்வாக்கு இவற்றில் ஒன்றை நிரூபித்தால்தான் திறக்கும். உங்களுக்குப் பதினெட்டு வயது ஆகாதபோது அம்மா உங்கள் சார்பில் எழுதிக்கொடுத்து, அதற்கு நீதிமன்ற அனுமதியும் வாங்காதிருந்தால் அது தனிக் கதை. பதினெட்டு வயது ஆனதிலிருந்து மூன்று வருடத்துக்குள் அதை எதிர்த்திருக்க வேண்டும்.

சொத்து எப்படிப்பட்டது? அப்பா வாங்கிய வீட்டைப் "பூர்வீகம்" என்று சொல்லிப் பழகிவிட்டோம். அது பூர்வீகமில்லை. தாத்தா, கொள்ளுத் தாத்தா வழியாக வந்து பிரிக்கப்படாமல் இருக்கும் கூட்டுக் குடும்பச் சொத்துதான் வேறு கணக்கு. தமிழ்நாடு 1989 மார்ச் 25 முதல் அதில் மகள்களுக்குச் சம உரிமை கொடுத்தது. அந்தத் தேதிக்கு முன் கல்யாணமானவர்களுக்கு மட்டும் கொடுக்கவில்லை. 2005 செப்டம்பர் 9-இல் நடைமுறைக்கு வந்த மத்தியச் சட்டத் திருத்தத்தில் அந்தக் கல்யாணக் கோடு இல்லை. அந்தத் தேதியில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்பதுமில்லை என்று 2020 ஆகஸ்ட் 11-இல் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. 2004 டிசம்பர் 20-க்கு முன் பதிவுப் பத்திரம் மூலமோ நீதிமன்றத் தீர்ப்பாணை மூலமோ பாகம் பிரிந்திருந்தால் அதைத் தொட முடியாது. "வாய்மொழியாக அப்போதே பிரித்துவிட்டோம்" என்ற வாதத்தை எளிதில் ஏற்கக் கூடாது என்பதும் அதே தீர்ப்பில் இருக்கிறது. எண்பதுகளில் கல்யாணமான அக்காக்கள் பலர் இதை அறியாமலே ஒதுங்கி நிற்கிறார்கள்.

எவ்வளவு காலம்? பத்திரத்தை ரத்து செய்யக் கேட்பதென்றால், எதிர்ப்பதற்கான காரணம் உங்களுக்குத் தெரியவந்த நாளிலிருந்து மூன்று வருடம். பத்திரமே இல்லாதவர்களுக்கு இந்தக் கெடு கிடையாது. கூட்டு உரிமையாளரில் ஒருவர் குடியிருப்பது எல்லாருக்காகவும் குடியிருப்பதாகவே கருதப்படும். ஆனால் "உனக்கு இங்கே பங்கு இல்லை, வெளியே போ" என்று வெளிப்படையாக மறுத்துப் பன்னிரண்டு வருடம் கடந்துவிட்டால் ஆபத்து. இன்னொன்று முக்கியம்: பேச்சு நடந்துகொண்டிருக்கிறது என்பதற்காகக் காலவரம்பு நிற்காது. "தீபாவளி முடியட்டும், பையனுக்குக் கல்யாணம் முடியட்டும்" என்று தள்ளித்தள்ளியே மூன்று வருடத்தைத் தாண்டியவர்கள் உண்டு.

பணமும் உறவும் ஒவ்வொரு வழியிலும் வேறு வேறு உருவம் எடுப்பதால் அவற்றை அந்தந்த இடத்தில் பார்க்கலாம்.

## வழி 1: விட்டது விட்டதாகவே இருக்கட்டும்

இதைத் தோல்வியாகப் பலர் பார்க்கிறார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. பதிவான விடுதலைப் பத்திரம், முழு மனதோடு போட்ட கையெழுத்து, கடந்துபோன இருபது வருடம், கடைசிவரை அம்மா அப்பாவை வைத்துப் பார்த்த அண்ணன் என்று நான்கும் கூடியிருந்தால் இதுதான் நேர்மையான வழி.

மறைவான செலவு ஒன்று உண்டு. விட்டுவிட்டேன் என்று வாயால் சொல்லிவிட்டு ஒவ்வொரு விசேஷத்திலும் அதைக் குத்திக்காட்டுவது, விடாமல் இருப்பதைவிட மோசம். பத்திரம் எழுதாமல் வாயால் மட்டும் விட்டவர்களுக்குக் கூடுதலாக ஒரு சிக்கல்: அண்ணன் காலத்துக்குப் பிறகு அவர் பிள்ளைகளும் உங்கள் பிள்ளைகளும் அதே வீட்டுக்காக நீதிமன்றம் போவார்கள். உண்மையிலேயே வேண்டாமென்றால் இப்போதே விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்து முடித்துவிடுங்கள். குடும்ப உறுப்பினர்களுக்குள் எழுதும் விடுதலை, பாகப்பிரிவினை, செட்டில்மென்ட் (சொத்தை உறவினருக்கு எழுதிக்கொடுப்பது) பத்திரங்களுக்கு முத்திரைத் தீர்வை ஒரு சதவீதம். 2023 ஜூலை முதல் அதன் உச்சவரம்பு ரூ.40,000. பதிவுக் கட்டணத்துக்கு உச்சவரம்பு ரூ.10,000. அயனாவரத்து ரூ.60 லட்சப் பங்குக்கு ஐம்பதாயிரத்தோடு அரசுச் செலவு முடிந்துவிடும். அண்ணன் மகன், தங்கை மகள் என்று உறவு ஒரு படி விலகினால் இந்தச் சலுகை கிடைக்குமா என்பதைப் பத்திரம் எழுதும் முன்பே சார்பதிவாளர் அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

## வழி 2: நேரில் பேசி, பத்திரத்தில் முடிப்பது

எனக்கு எழுதுகிறவர்களில் பெரும்பாலோருக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். சட்டப்படி உரிமை குறைவாக இருப்பவருக்கும் கேட்க இடம் கிடைப்பது இங்கே மட்டும்தான்.

பேசுவதற்கு ஒரு காலம் இருக்கிறது. பில்டரோடு கூட்டு ஒப்பந்தமும் அதிகாரப் பத்திரமும் பதிவாவதற்கு முந்தைய மாதங்கள்தான் அது. புதிய பிளாட்டை வாங்க வருபவர் வங்கிக் கடனுக்குப் போவார். வங்கியின் வழக்கறிஞர் தாய்ப் பத்திரத்திலிருந்து வாரிசுச் சான்றிதழ் வரை ஒவ்வொன்றாகப் புரட்டுவார். வாரிசுச் சான்றிதழில் நான்கு பெயர் இருந்து, விடுதலைப் பத்திரம் இல்லையென்றாலோ அதில் ஓட்டை இருந்தாலோ, "மகள்களின் கையெழுத்து எங்கே?" என்று கேட்பார். அனுபவமுள்ள பில்டர் இதை முன்கூட்டியே அறிந்திருப்பதால், எல்லா வாரிசுகளையும் ஒப்பந்தத்தில் சேர்க்கச் சொல்வார். உங்கள் கையெழுத்துக்கு மதிப்பு மிக அதிகமாக இருக்கும் நேரம் அதுதான். கட்டடம் எழும்பி, பிளாட்டுகள் கைமாறிய பிறகு அதே கையெழுத்தைக் கேட்டு யாரும் வரமாட்டார்கள்.

என்ன கேட்பது? பங்கு என்ற சொல்லோடு தொடங்கினால் அண்ணன் முதலில் அண்ணியைப் பார்ப்பார், பிறகு பத்திரத்தைப் பார்ப்பார். கணக்கோடு தொடங்குங்கள். வீட்டு வரி, பழுதுபார்ப்பு, அப்பாவின் ஆஸ்பத்திரிச் செலவு, வாடகை இல்லாமல் குடியிருந்த காலம், மாடி போர்ஷனிலிருந்து வந்த வாடகை என்று எல்லாவற்றையும் ஒரே தாளில் இரண்டு பக்கமாக எழுதுங்கள். அண்ணனின் உழைப்புக்கு நீங்களே ஒரு தொகை போட்டுக் காட்டினால் பேச்சின் சூடு பாதி தணிந்துவிடும். "அண்ணா, நான்கு பிளாட்டில் ஒன்று அம்மா பெயரிலும் எங்கள் இருவர் பெயரிலும் வரட்டும், மற்ற மூன்றும் உங்களுடையது" என்பது கேட்கக் கூடிய கேள்வி. "கால் பங்கு எண்ணி வை" என்பது வழக்கின் முதல் வரி.

பேசி முடித்த பிறகுதான் பலர் சறுக்குகிறார்கள். பெரிய மாமா முன்னிலையில் ஒப்புக்கொண்டது, வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டது எதுவும் போதாது. முன்பு பதிவான விடுதலைப் பத்திரம் இருந்தால் சட்டப்படி வீடு அண்ணனுடையது. அவர் உங்களுக்குக் கொடுப்பது புதிய செட்டில்மென்ட் பத்திரமாகவோ, பில்டர் ஒப்பந்தத்தில் உங்கள் பெயருக்கு ஒதுக்கிய பிளாட்டாகவோ பதிவாக வேண்டும். பத்திரம் இல்லாதிருந்தால் நீங்கள் கூட்டு உரிமையாளர். பாகப்பிரிவினைப் பத்திரத்தில் நால்வரும் கையெழுத்திட வேண்டும்.

பணமாக வாங்குபவர்கள் கவனிக்க வேண்டிய வரி விஷயமும் இங்கே இருக்கிறது. உங்களிடம் இன்னும் இருக்கும் பங்கை விலைக்கு விட்டால் அது மூலதன ஆதாயம், வரி உண்டு. முன்பே செல்லுபடியாக விட்டுக்கொடுத்துவிட்ட நிலையில் அண்ணன் மனமுவந்து கொடுக்கும் தொகை, உடன்பிறந்தவர் கொடுத்த அன்பளிப்பு. அதற்கு வாங்குபவர் வருமான வரி கட்ட வேண்டியதில்லை. ஒரே தொகைதான், எந்தத் தலைப்பில் வருகிறது என்பதில் லட்சக்கணக்கில் வித்தியாசம். வெளிநாட்டில் குடியிருப்பவர் பங்கை விற்றால், பணம் கொடுப்பவர் வரி பிடித்தம் செய்து கட்ட வேண்டும். பத்திரம் எழுதும் முன் ஆடிட்டரிடம் ஒரு மணி நேரம் உட்காருங்கள்.

அண்ணன் பேசவே மறுத்தாலோ, கையெழுத்து கள்ளமானது என்று தெரிந்தாலோ, நீங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் பில்டரோடு பதிவுக்கு நாள் குறித்துவிட்டாலோ இந்த வழி உதவாது.

## வழி 3: சமரச மையமும் லோக் அதாலத்தும்

நேரில் உட்கார்ந்தால் பழைய கல்யாணச் சண்டை வரை போய்விடும் குடும்பங்களுக்கு நடுவில் ஒருவர் வேண்டும். சொந்தக்காரர் நடுவராக வந்தால் பெரும்பாலும் யாராவது ஒரு பக்கம் சாய்ந்திருப்பார். சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் 2005-இல் தொடங்கிய தமிழ்நாடு சமரச மையத்தில் பயிற்சி பெற்ற சமரசர்கள் இருக்கிறார்கள். அங்கே பேசியதை வெளியே சாட்சியாகக் காட்ட முடியாது. அதனால், "நானும் கொஞ்சம் அதிகமாகத்தான் கேட்கிறேன்" என்று ஒருவர் மனம் திறந்து சொல்ல முடிகிறது. வழக்கு நிலுவையில் இருக்கும்போது நீதிமன்றம் அனுப்பி வைப்பதே அங்கே வழக்கம்.

வழக்குப் போடும் முன்பே போக விரும்பினால் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுக்கலாம். கட்டணம் இல்லை. பெண்களுக்கு வருமானம் எவ்வளவாக இருந்தாலும் இலவசமாக வழக்கறிஞர் வைத்துத் தரும் உரிமை 1987-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருக்கிறது. கேட்டு வாங்க வேண்டும். ஆணைக்குழு நடத்தும் லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றம்) முடிந்தால் அந்த உத்தரவு நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. இதன் பலமும் ஆபத்தும் இதுதான். அவசரத்தில் சரி என்று தலையாட்டிவிட்டால் பிறகு, "எனக்குப் புரியவில்லை" என்று சொல்லி மீள்வது மிகக் கடினம். கையெழுத்திடும் முன் வரைவை வீட்டுக்கு எடுத்துப்போய் ஓர் இரவு படிக்க அவகாசம் கேளுங்கள்.

நிலுவையில் உள்ள வழக்கு சமரசத்தில் முடிந்தால், கட்டிய நீதிமன்றக் கட்டணம் திரும்பக் கிடைக்கும். தரப்பினர் வெளியே தாங்களாகவே பேசி முடித்துக்கொண்டாலும் இது பொருந்தும் என்று 2021-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

குறை ஒன்றுதான்: எதிர்த் தரப்பு வந்தால்தான் சமரசம். நோட்டீசை வாங்கி வைத்துக்கொண்டு வராமலே இருக்கும் அண்ணனை அங்கே யாரும் இழுத்து வர முடியாது.

## வழி 4: பாகப்பிரிவினை வழக்கு

பங்கின் மதிப்பைப் பொறுத்து சென்னை நகர உரிமையியல் நீதிமன்றத்திலோ உயர் நீதிமன்றத்தின் அசல் தரப்பிலோ (வழக்குகளை நேரடியாக விசாரிக்கும் பிரிவு) வழக்கு போகும். முதலில் யாருக்கு எவ்வளவு என்று முதல்நிலைத் தீர்ப்பாணை. பிறகு வழக்கறிஞர் ஆணையர் வந்து அளந்து அறிக்கை கொடுத்து இறுதித் தீர்ப்பாணை. ஒவ்வொரு படியிலும் மேல்முறையீடு உண்டு. பத்து வருடம் தாண்டுவது அரிதல்ல. வாதி ஒருவர் இறந்து அவர் பிள்ளைகளைச் சேர்ப்பதற்கே வாய்தாக்கள் ஓடும்.

செலவைக் கேட்டால் பலர் திகைக்கிறார்கள். சொத்தை நீங்களும் கூட்டாக அனுபவித்து வருவதாகக் கொள்ள முடிந்தால் கட்டணம் சொற்பம். அனுபவத்திலிருந்து விலக்கப்பட்டுவிட்டீர்கள் என்றால் உங்கள் பங்கின் சந்தை மதிப்பில் மூன்று சதவீதம் (2017-க்கு முன் இது ஏழரை சதவீதம்). ரூ.60 லட்சத்துக்கு ரூ.1.8 லட்சம். நீங்களே கையெழுத்திட்ட பத்திரம் குறுக்கே இருந்தால் அதை ரத்து செய்யவும் சேர்த்துக் கேட்க வேண்டும். அதற்கும் மதிப்பின் மேல் கட்டணம். ரத்து கேட்காமல் பாகம் மட்டும் கேட்டு, அந்த ஒரு காரணத்தாலேயே தோற்ற வழக்குகள் உண்டு. சார்பதிவாளரிடம் போய் ஒருதலையாக ரத்துப் பத்திரம் பதிவு செய்துவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அதற்குச் சட்டத்தில் இடமில்லை.

மறைவான செலவு வேறொன்று. ஒரு கிரவுண்டு வீட்டை நான்காகக் குறுக்கே வெட்ட முடியாது. பிரிக்க முடியாத சொத்தென்று தெரிந்தால் 1893-ஆம் ஆண்டின் பாகப்பிரிவினைச் சட்டப்படி நீதிமன்றம் விற்றுப் பணமாகப் பிரிக்க உத்தரவிடலாம். வழக்கு நடக்கும் வீட்டுக்கு நல்ல விலை வராது. பில்டர் அடுத்த தெருவுக்குப் போய்விடுவார். எழுபதைத் தாண்டிய அம்மா, மகனும் மகள்களும் எதிர்எதிர்ப் பக்கம் நிற்கும் கூண்டில் சாட்சி சொல்ல வேண்டி வரும். இதை நான் மிகுந்த வருத்தத்தோடு எழுதுகிறேன். வழக்கை வென்ற பிறகும் பலரால் தாண்ட முடியாத இடம் அது.

இத்தனையும் சொன்ன பிறகும், வழக்கே சரியான வழியாக இருக்கும் குடும்பங்கள் உண்டு. பத்திரமே எழுதாமல் உங்களை இல்லாதவராக்கிவிட்டார்கள், உங்கள் பெயரில் யாரோ கைநாட்டு வைத்திருக்கிறார்கள், உங்களை விட்டுவிட்டு வாரிசுச் சான்றிதழ் வாங்கியிருக்கிறார்கள், நாளை பில்டரிடம் பதிவு என்றால் தயங்காதீர்கள். வழக்கோடு இடைக்காலத் தடை கேளுங்கள். வழக்கு நிலுவையில் இருக்கும்போது வாங்குபவர் தீர்ப்புக்குக் கட்டுப்பட்டவர் என்பதால், வழக்கு பதிவானாலே பல பேரங்கள் நின்றுவிடும். அதற்குப் பிறகு வழி 3-க்கு வரும் அண்ணன்கள் நிறைய. கள்ளக் கையெழுத்து என்றால் காவல் துறையின் மத்தியக் குற்றப் பிரிவில் தனியாகப் புகாரும் கொடுக்கலாம். ஏமாற்றம் வேறு, மோசடி வேறு. பங்கு வாங்க போலீஸ் ஸ்டேஷனைப் பயன்படுத்தப் பார்த்தால் உள்ள உறவும் போய், புகாரும் நிற்காது.

## ஒரே பார்வையில்

| | விட்டுவிடுவது | நேரில் பேசுவது | சமரசம், லோக் அதாலத் | வழக்கு |
|---|---|---|---|---|
| வாயால் மட்டும் விட்டவர் | விருப்பமிருந்தால் பத்திரமாக்கலாம் | முதல் முயற்சி | அடுத்த முயற்சி | வலுவானது |
| பதிவான விடுதலைப் பத்திரம் எழுதியவர் | பல நேரம் பொருத்தம் | மிகப் பொருத்தம் | அண்ணன் வந்தால் நல்லது | ஏமாற்றை நிரூபிக்க முடிந்தால் மட்டும் |
| கள்ளக் கையெழுத்து | கூடாது | பயனில்லை | வழக்குக்குப் பிறகு | உடனே |
| அரசுச் செலவு (ரூ.60 லட்சப் பங்கு) | பத்திரம் எழுதினால் ரூ.50,000 வரை | பத்திர வகையைப் பொறுத்தது. குடும்பத்துக்குள் குறைவு | கட்டணமில்லை | ரூ.1.8 லட்சம் வரையும் மேலும். வழக்கறிஞர் செலவு தனி |
| காலம் | ஒரு நாள் | சில மாதம் | சில மாதம் | வருடக்கணக்கு |
| உறவு | மனம் ஒத்தால் மிஞ்சும் | பெரும்பாலும் மிஞ்சும் | பேச்சாவது மிஞ்சும் | அரிது |

## அம்மாவின் கால் பங்கு

நால்வரில் அம்மாவை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். விடுதலைப் பத்திரத்தில் அம்மாவும் கையெழுத்திட்டிருந்தால் அவர் பங்கும் அண்ணனுக்குப் போய்விட்டது. கையெழுத்திடவில்லை என்றால் அந்தக் கால் பங்கு முழுக்க அவருடையது. யாருக்கு வேண்டுமானாலும் எழுதிவைக்கலாம். எழுதாமல் இறந்தால் மூன்று பிள்ளைகளுக்கும் சமமாக வரும். முன்பு விட்டுக்கொடுத்த மகள்களுக்கும் சேர்த்துத்தான், ஏனென்றால் அவர்கள் அன்று விட்டது அப்பா வழியாக வந்த பங்கை மட்டுமே. நமது கணக்கில் அது ஆளுக்கு ரூ.20 லட்சம். "நான் எல்லாவற்றையும் எழுதிக்கொடுத்துவிட்டேன்" என்று நம்பிக்கொண்டிருக்கும் பல பெண்களுக்கு இன்னும் மீதியிருக்கும் உரிமை இதுதான். அண்ணன்களுக்கும் இது தெரியாமல், பில்டர் ஒப்பந்தம் பாதியில் நிற்கிறது.

நான்கு வழிகளில் எதில் போனாலும் அம்மாவின் பங்கையும் அதே பத்திரத்தில் முடித்துக்கொள்ளுங்கள். அவர் தெளிவாக இருக்கும்போதே, பிள்ளைகள் யாரும் பக்கத்தில் நிற்காமல், அவர் நம்பும் வழக்கறிஞர் ஒருவர் தனியாகக் கேட்டு அவர் விருப்பத்தை எழுதட்டும். எந்த பிளாட்டில் யாரோடு இருக்கப்போகிறார், மாதச் செலவுக்கு யார் எவ்வளவு கொடுப்பது என்ற வரிகளும் அதில் வேண்டும்.

சான்றிட்ட நகல், வாரிசுச் சான்றிதழ், வில்லங்கச் சான்றிதழ் மூன்றும் கைக்கு வந்த பிறகு அண்ணனுக்குப் போன் செய்யுங்கள். பில்டரிடம் எப்போது பதிவு என்பதை முதல் பேச்சிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். எந்த வழியில் போனாலும் உங்களுக்கு இருக்கும் கெடு அந்தத் தேதிதான்.